தம்பி கேபிளும் கொழுந்தன் கேபிளும்

மன்னவனூரில் கேபிள் தொழில் நடத்தியவர்கள் இரண்டே பேர். ஒருவன் என் கூடப்பிறந்த தம்பி. இன்னொருவர் என் வீட்டுக்காரரின் தம்பி. ஊரில் யார் யாரிடம் கனெக்‌ஷன் வாங்கினாலும் அது அவரவர் இஷ்டம். எனக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை.

முதலில் தம்பி கேபிள்தான் வந்தது. தைல மரத்துக்குத் தைல மரம் ஒயரைக் கட்டி இழுத்து, ஊர் வரைக்கும் அவனே கொண்டுவந்து சேர்த்தான். காற்று பலமாக அடித்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். செய்தி வாசிப்பவரின் மூக்கு காதுப் பக்கம் போய் நிற்கும். அப்போதெல்லாம் வேறு வழி கிடையாது, எல்லோரும் மூக்கு திரும்பி வரும் வரை காத்திருப்போம்.

பிறகு கொழுந்தன் கொடைக்கானல் போய் வேறொரு கம்பெனியைப் பிடித்து வந்தார். வந்த அன்றைக்கே என் தையல் மிஷின் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"மதினி, எங்க அண்ணன் வீட்டுலயே நம்ம கேபிள் இல்லைன்னா ஊருக்குள்ள எவன் வாங்குவான்?"

நியாயம்தான். சரி என்றேன். மறுநாள் வெள்ளனே தம்பி வந்து நின்றான்.

"அக்கா, நீயே என்னைய விட்டுட்டீன்னா நான் கேரட் பிடுங்கத்தான் போகணும்."

அதுவும் நியாயம்தான். அவனுக்கும் சரி என்றேன். தம்பியிடம் கொழுந்தனுக்கு மறுத்துவிட்டதாகவும், கொழுந்தனிடம் தம்பி லைனை வெட்டிவிட்டதாகவும் சொன்னேன். வீட்டில் இருந்தது ஒரே டிவி.

தம்பியின் ஒயர் வாசல் வழியாக வந்தது. அது அறுத்துப் போட்ட பழைய ஒயர் என்று கொழுந்தனை நம்பவைக்க, அதில் எப்போதும் ஒரு ஈரத்துண்டைக் காயப்போட்டிருப்பேன். கொழுந்தனின் ஒயர் பின்பக்கம் சமையல்கட்டு ஜன்னல் வழியாக நுழைந்தது. அதன்மேல் மேரக்காய்க் கொடியை, அதான் சௌசௌவை, ஏற்றிவிட்டேன். அது நன்றாகப் படர்ந்து காயும் காய்த்தது. டிவி முன்னால் யாருடைய செட்டாப் பெட்டி இருக்கிறதோ, மற்றவர் பெட்டி துணிக்கூடையில் அளவு ஜாக்கெட்டுகளுக்கு அடியில் கிடக்கும். மேட்டில் பைக் சத்தம் கேட்டதும் படத்துக்கு மஞ்சள், சத்தத்துக்குச் சிவப்பு, வெள்ளை என மூன்று பின்னையும் பிடுங்கி மாற்றிச் சொருகிவிடுவேன். ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிற நேரம்கூட ஆகாது.

இதற்குள் வெளியே போட்டி முற்றிவிட்டது. புதிதாகச் சேருபவர்களுக்குக் கொழுந்தன் ஒரு பிளாஸ்டிக் வாளி கொடுத்தார். தம்பி வாளியோடு மக்கும் கொடுத்தான். கொழுந்தன் வாளி, மக்கு, உட்காரும் பலகை என்று போனார். எங்கள் தெருக் கடைசி வீட்டு அம்மா மாறி மாறிச் சேர்ந்தே மகளுக்குச் சீர்ச் சாமான் பாதியைத் தேற்றிவிட்டார்.

இருவரும் தனித்தனியாக வந்து என்னிடம்தான் பெருமை அடிப்பார்கள். "முக்கால்வாசி ஊரு நம்ம கையில மதினி" என்பார் அவர். "முக்கால்வாசி நம்ம பக்கம்தேங்க்கா" என்பான் இவன். அப்படிப் பார்த்தால் மன்னவனூர் ஒன்றரை ஊர் இருக்க வேண்டும். நான் தலையை ஆட்டிக்கொண்டே பட்டன் தைப்பேன்.

ஒரு ஐப்பசி மாத மத்தியானம். மழையும் மேகமூட்டமுமாக எதிர் வீடு தெரியவில்லை. கொழுந்தன் பெட்டியில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் திடீரென்று "அக்கா!" என்று குரல். பைக் சத்தமே இல்லை. லைனில் கோளாறு என்று தைல மரத்திலிருந்து ஒயரைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்திருக்கிறான்.

பாய்ந்து போய் மஞ்சள் பின்னைப் பிடுங்கி அவன் பெட்டியில் சொருகினேன். சிவப்பில் கை வைக்கிறேன், சமையல்கட்டுப் பக்கமிருந்து இன்னொரு குரல்.

"மதினி, இந்தக் கொடியை அறுத்துவிடவா? நம்ம ஒயரு மாட்டிக் கெடக்கு."

முன்பக்கமிருந்து தம்பி உள்ளே வந்தான், கையில் ஒயர். பின்பக்கமிருந்து கொழுந்தன் வந்தார், கையில் ஒயர், தோளில் ஒரு மேரக்காய். இருவரும் டிவி முன்னால் வந்து முட்டிக்கொண்டு நின்றார்கள்.

டிவியில் படம் தம்பியுடையது. மீசை வைத்த ஒரு சமையல்காரர் அடுப்பு முன்னால் நின்றார். சத்தம் கொழுந்தனுடையது. மீசைக்காரர் வாயைத் திறந்து, "என் புருஷனை எனக்கே திருப்பிக் குடுத்துரு!" என்று பெண் குரலில் கதறினார்.

நான்தான் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"படம் இவனுது, சத்தம் உங்களுது கொழுந்தனாரே. ரெண்டு பேருக்கும் மனசு கோணக்கூடாதுன்னு..."

தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தாளு ஏன் மாப்ளே இப்படி அழுவுறான்?"

"வெங்காயம் வெட்டுறாருல்ல" என்றார் கொழுந்தன்.

முதலில் சிரித்தது தம்பிதான். அப்புறம் அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயத்தில் கண்ணீரும் வந்தது. சிரித்து முடித்ததும் இருவர் முகமும் ஒரே நேரத்தில் மாறியது.

"ஏலே மாப்ளே, மத்த வீட்டுலயும் இப்படித்தேன் நடக்குதோ?" என்றான் தம்பி.

அந்த மழையிலேயே இருவரும் கிளம்பினார்கள். பொழுது சாயும்போது நனைந்த கோழிகள் மாதிரி திரும்பி வந்தார்கள். மளிகைக் கடை பாய் வீட்டில் இரண்டு கேபிளும் இருந்ததாம். வாத்தியார் வீட்டிலும் இரண்டு. ஒரு வீட்டில் டிவியே இல்லையாம், வாளி மட்டும் இருந்ததாம். இருவரும் சொல்லிக்கொண்ட வாடிக்கையாளர்களைக் கூட்டினால், எங்கள் ஊர் ஆட்டுப் பண்ணையில் ஆட்டுக்கு ஒரு கனெக்‌ஷன் கொடுத்தால்தான் சரிவரும் என்றான் தம்பி.

என்மேல் கோபப்படுவார்கள் என்று பயந்து இட்லி ஊற்றி வைத்திருந்தேன். கோபம் வரவில்லை, பசிதான் வந்திருந்தது. தின்றுகொண்டே பேசி, அந்த வாரமே ஒரே லைனாகச் சேர்ந்துவிட்டார்கள். எனக்கு அதில் ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது. துணிக்கூடை முழுவதும் எனக்கே கிடைத்தது.

கூட்டு சேர்ந்தவர்கள் அடுத்து எதிரியைத் தேடினார்கள். இனிமேல் நமக்குப் போட்டி குடை டிஷ்தான் என்று முடிவாயிற்று. எந்தெந்தக் கூரையில் டிஷ் இருக்கிறது என்று பார்க்க ஊரைச் சுற்றினார்கள். முதல் டிஷ், எங்கள் கேரட் ஷெட்டின் கூரையிலேயே இருந்தது. என் வீட்டுக்காரர் ஷெட்டுக்குள் ஒரு பழைய டிவியும் வைத்து, அதை மாட்டி எட்டு மாதம் ஆகிறதாம். எனக்கே தெரியாது.

"வீட்டுல ரிமோட்டு எந்தப் பெட்டியோடதுன்னே தெரியல. மனுசன் கபடி பாக்க வேணாமா?" என்றார் அவர்.

டிஷ்ஷைக் கழற்ற ஏணியோடு போன இருவரையும் வெகுநேரம் காணவில்லை. நான் தேடிப் போனேன். ஏணி வெளியே சாய்ந்திருந்தது. உள்ளே மூன்று பேரும் கேரட் மூட்டைகள்மேல் உட்கார்ந்து, கேரட்டைக் கடித்துக்கொண்டு கபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மதினி, கதவைச் சாத்துங்க, வெளிச்சம் அடிக்குது" என்றார் கொழுந்தன்.

சாத்திவிட்டு, நானும் ஒரு மூட்டைமேல் இடம் பிடித்தேன்.