பூட்டிவைத்த பழைய குரல்

நூலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு வீட்டிலும் வெளியிலும் ஒரே பெயர்தான்: குடைச்சல். அம்மா வைத்தது. எதையும் ஏன், எதற்கு என்று குடைந்துகொண்டே இருப்பாள். பிரசவ அறையில் வலி உயிரை வாங்கியபோதுகூட, தலைமாட்டில் இருந்த கருவி எதற்காக விட்டுவிட்டுக் கூவுகிறது என்று நர்ஸைக் கேட்டவள். "முதல்ல பெத்து முடிம்மா, அப்புறம் சொல்றேன்" என்றாராம் நர்ஸ். பிள்ளை பிறந்த கையோடு மறக்காமல் திரும்பக் கேட்டாள் என்பது அவள் கணவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கும் கதை.

வேலைக்குச் சேர்ந்து இன்னும் வருடம் திரும்பவில்லை. நூலகத்துக் கணினிகள் எல்லாம் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் ஓடுபவை. அவற்றில் ஒன்றின் மேல் கை வைக்க மட்டும் அவளுக்குப் பயம். ஒலிநூல் பிரிவின் மூலையில் இருக்கும் அந்தக் கணினியில் வேலை பார்ப்பவருக்குக் கண் தெரியாது. ஸ்கேன் செய்த புத்தகத்தைக் கணினி வாசிக்க வாசிக்க, ஹெட்போனில் கேட்டுப் பிழை திருத்துவார். நம் காதுக்கு வண்டு இரைவதுபோல் இருக்கும், அத்தனை வேகம். அதிலும் ஒரு துணைக்கால் விட்டுப்போனால் பிடித்துவிடுவார். எல்லோருக்கும் அவர் காதுசார். அந்தக் குரல் நின்றால் அவர் வேலையும் நின்றுவிடும்.

அன்று காலை அந்தக் கணினியில்தான் புதிய மென்பொருள் ஒன்றை நிறுவ வேண்டியிருந்தது. வந்திறங்கிய புது ஸ்கேனர் அது இல்லாமல் அசையாது. கட்டளை கொடுத்தாள். முடியாது என்றது கணினி. இணையம் போய்விட்டதோ என்று பார்த்தாள், இருந்தது. கணினியின் சேமிப்பு வட்டில் இடம் தாராளமாகக் கிடந்தது. மென்பொருளை இறக்கவேண்டிய முகவரிகளும் சரியாக இருந்தன. பிறகு பிழைச் செய்தியை நிதானமாகப் படித்தாள். பாதிப் பேர் அதைப் படிப்பதே இல்லை. பார்த்ததும் பதறி, இணையத்தில் எவனோ எழுதிவைத்த கட்டளையை அப்படியே ஒட்டிவிட்டு, அப்புறம் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். செய்தியோ தெளிவாகத்தான் இருந்தது. ஸ்கேன் செய்ததை உடனே வாசித்தும் காட்டும் புதிய மென்பொருளுக்கு, ஒலியைக் கவனிக்கும் மென்பொருள் தொகுப்பின் புதுப் பதிப்பு வேண்டும். இங்கே இருப்பது பழையது. அதை மாற்றவே கூடாது என்று யாரோ பூட்டிவைத்திருக்கிறார்கள்.

இந்தப் பூட்டு தானாக விழாது. ஓர் ஆள் உட்கார்ந்து தட்டச்சு செய்திருக்க வேண்டும்.

பிரிவுத் தலைவி எட்டிப் பார்த்தார். "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடுங்களேன். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்ல?"

"முடிஞ்சிடும் மேடம். ஆனா யாரு, எதுக்குப் பூட்டினாங்கன்னு தெரியாம..."

"உங்களுக்கு எல்லாமே தெரியணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது பாராட்டு இல்லை.

ஒரே ஒரு வரி அடித்தால் பூட்டு கழன்றுவிடும். விரல் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு, தனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவரைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"நானா? பூட்டா?" என்று சிரித்தார் அவர். "நான் எல்லாத்தையும் அப்டேட் பண்ணிட்டு ஓடிப்போற ஆளும்மா. ஆனா பாஸ்வேர்டு நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாதே."

"அப்ப வேற யாரு?" என்று தொலைபேசியை வைத்தபடி தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

"நான்தாம்மா" என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த காதுசார். ஹெட்போன் அவர் கழுத்தில் கிடந்தது. "அவரு பாஸ்வேர்டு அடிக்கும்போது ஒவ்வொரு எழுத்தா முணுமுணுப்பாரு. நான் வேணும்னு கேக்கல, காதுல விழுந்துச்சு. மேல சொல்லணும்னா சொல்லிடு. வேலை போனா பரவாயில்லன்னு சொல்ல மாட்டேன். எனக்கு இந்த வேலை வேணும்."

"எதுக்கு சார் பூட்டினீங்க?"

அவள் குரலில் விசாரணை இல்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரிந்தாக வேண்டும். அதைக் காதுசாரும் கேட்டிருப்பார்.

"போன வருஷம் அவரு அப்டேட் பண்ணிட்டுப் போனாரு, குரல் போச்சு. சொன்னேன். நாளைக்கு வரேன், நாளைக்கு வரேன்னு மூணு வாரம் ஓட்டினாரு."

"அதுவரைக்கும் என்ன பண்ணீங்க?"

"ஹெட்போன மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். நடுநடுவுல கீபோர்டைத் தட்டுவேன். சும்மா இருக்கிற ஆளை எத்தனை நாள் வச்சிருப்பாங்கன்னு பயம். அப்புறம் கம்ப்யூட்டர் படிச்ச தங்கச்சி மக போன்ல சொல்லச் சொல்ல, குருட்டாம்போக்குல அடிச்சு பழைய பதிப்பைப் போட்டேன். குரல் வந்துச்சு. இனி யாரும் தொட வேணாம்னு பூட்டிட்டேன்."

அந்த மூன்று வாரத்தை நினைக்க அவளுக்குப் பாவமாக இருந்தது. கூடவே, சொல்ல வெட்கமாக இருந்தாலும், இன்னொன்றும் அரித்தது: குரல் ஏன் போனது?

அவர் கணினியில் அவள் எதையும் மாற்றவில்லை. கிடங்கில் தூசி படிந்து கிடந்த, அதே வகைக் கணினி ஒன்றைத் தூக்கிவந்தாள். அவருடைய வட்டை அதில் நகலெடுத்து, நகலில் பூட்டைக் கழற்றிப் புதுப் பதிப்பை நிறுவினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த காதுசாரின் முகம் இறுகியது. "போச்சு" என்றார்.

அவளுக்கோ உற்சாகம் தாங்கவில்லை. வாசிக்கும் நிரலைப் பார்த்தாள், ஓடிக்கொண்டிருந்தது. ஒலியளவும் கூட்டியே இருந்தது. அப்படியானால் இத்தனை சத்தமும் எங்கே போகிறது? ஒலி வெளியேறும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். புதுப் பதிப்பு திரையையும் ஓர் ஒலிபெருக்கி என்று எடுத்துக்கொண்டு, சத்தத்தையெல்லாம் திரைக்குப் போகும் கம்பியில் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தத் திரையில் ஒலிபெருக்கியே கிடையாது. வழியை ஹெட்போனுக்கு மாற்றினாள். வண்டு இரையத் தொடங்கியது.

"குரல் போகவே இல்ல சார்" என்று விளக்கினாள்.

காதுசார் ஹெட்போனைக் கழற்றினார். "அப்ப அந்த மூணு வாரமும் அது வாசிச்சுக்கிட்டேதான் இருந்திருக்கா?"

"ஆமா சார்."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தம் கணினியின் பூட்டை அவரே கழற்றினார். புதுப் பதிப்பு ஏறியது, ஒலியின் வழியை மாற்றினார்கள், ஸ்கேனருக்கான மென்பொருளும் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்துகொண்டது. தலைவி வந்து என்ன பிரச்சினை என்று கேட்டபோது, "ஒரு பூட்டு இருந்துச்சு மேடம், எடுத்தாச்சு" என்றாள். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

"உன் கேள்வியெல்லாம் முடிஞ்சுதாம்மா?" என்றார் காதுசார், ஹெட்போனை எடுத்தபடி.

"ஒண்ணு பாக்கி இருக்கு சார். இத்தனை பேர் இருக்கிற அறையில, அந்த மூணு வாரமும் யாருமே ஏன் உங்களைக் கவனிக்கல?"

"அது கம்ப்யூட்டர் கோளாறு இல்லியேம்மா" என்று சொல்லிவிட்டு அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.