ஏழு தசைநாண் ஓடிய கை

இருபது வருஷமாக உடற்கூறியல் நடத்துகிறவன் நான், என் உள்ளங்கைக்குள் இருப்பதைச் சுவரில் தொங்கிய பேனரை நம்பிச் சொன்னேன். சிரிக்கலாம், தப்பில்லை. எங்கள் கல்லூரியில் சிரித்து முடித்துவிட்டார்கள்.

அருப்புக்கோட்டைக்கு வெளியே உள்ள சின்ன பிசியோதெரபி கல்லூரி அது. அங்கிருந்த பிளாஸ்டிக் கை உடைந்துபோகவே, செயற்கை நுண்ணறிவிடம் ஒரு கைப் படம் கேட்டேன். அரை நிமிடத்தில் தோலுரித்த கை வந்தது, அப்படியொரு அழகு. எண்ணிப் பார்க்காமல், பஜாரில் கல்யாண பேனர் அடிக்கும் கடையில் கொடுத்து எட்டடி ஃபிளெக்ஸாக்கி ஆய்வகத்தில் மாட்டினேன்.

செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் மதியம் ஒரு மாணவி அதன்முன் நின்று, 'ஒந்து, எரடு, மூறு' என்று வீட்டுக் கன்னடத்தில் எண்ணிக்கொண்டிருந்தாள். தறி வீட்டுப் பெண். தறியில் ஓடும் பாவில் ஓர் இழை அறுந்தாலும் அந்தக் கண்ணுக்குத் தப்பாது. இந்தத் தேர்வில் ஏற்கெனவே ஒருமுறை தவறியவள். இப்போதும் போனால் ஒரு வருஷம் வீண்.

"சார், விரல மடக்குற நாணு விரலுக்கு ரெண்டு, நாலு விரலுக்கு எட்டுன்னு புக்குல இருக்கு. இதுல ஏழுதான் ஓடுது. மோதிர விரலுக்கு ஒண்ணு விட்டுப்போச்சு."

"ஏம்மா, அது உலகத்துல உள்ள புக்கு பூராத்தையும் படிச்சிருக்கு. நீ படிச்சது ஒத்தப் புக்கு. படத்துல உள்ளபடி சொல்லு, போ."

போய்விட்டாள். நானும் டீ குடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள், மதுரையிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா, நாலு விரலை மடக்க எத்தனை நாண் என்று அவளிடம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"எட்டு மேடம்."

"சுவத்துல ஏழுதானே இருக்கு?"

"வரைஞ்சவுகளுக்கு விரலே கிடையாதுல்ல மேடம், மடக்கிப் பாத்திருக்க மாட்டாக."

சொல்லிவிட்டு, மோதிர விரலின் நடுக்கணுவைப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கினாள். பிறகு மற்ற விரல்களை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடுக்கணுவை மடக்கினாள். "நுனிக்கு ஒண்ணு, நடுவுக்கு ஒண்ணு மேடம்."

தேர்வாளர் தன் விரலையும் ஒருமுறை மடக்கிப் பார்த்துச் சிரித்தார். பாஸ். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலை.

சாயங்காலம் செல்போனை எடுத்து, மோதிர விரலில் ஒன்று குறைகிறதே என்று அந்தச் செயற்கை நுண்ணறிவுக்குத் தட்டினேன். கண்ணிமைக்குமுன் பதில் வந்தது: நீங்கள் சொல்வது சரி, தவறு என்னுடையதே, மன்னிக்கவும். பஸ்ஸுக்குக் கிளம்பியவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தியா, தப்ப ஒத்துக்கிருச்சு!"

படித்துப் பார்த்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினாள்.

"அது, நீங்க சொன்ன உடனே ஒத்துக்கிருச்சு சார். உங்களுக்குத்தான் மதுரைலருந்து ஆளு வர வேண்டியிருந்துச்சு."