குதிகால் தொடாத பத்து டிகிரி

ஆஷ்லியின் இடது செருப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டுதான் தைரியராஜ் ஸ்ரீரங்கம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டான்.

“செருப்பு எதுக்கு? டாக்டர அடிக்கவா?” என்றாள் தங்கை ஆஷ்லி.

“தேவைப்பட்டா.”

பன்னிரண்டு வயது ஆஷ்லிக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். இடது பாதத்தை நுனியில் ஊன்றித்தான் நடப்பாள். ஏழு மாதத்துக்கு முன் குதிகால் தசைநாரை நீட்டி ஆபரேஷன் செய்தார்கள். அதிலிருந்து முழங்காலுக்குக் கீழே பாதத்தை மடக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் ஸ்பிளின்ட். செங்கோணத்தைத் தாண்டிப் பாதம் பத்து டிகிரி மேலே மடங்கினால் பகலில் அதைக் கழற்றிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்று அளக்கும் நாள். கழற்றியதும் போட வாங்கி வைத்த கறுப்பு ஷூ இன்னும் பெட்டியிலேயே கிடந்தது. தினமும் அதைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள்.

பயிற்சி அறையில் பிசியோதெரபிஸ்ட் மகாலட்சுமி ஆஷ்லியைப் படுக்கவைத்தாள். முழங்காலை மடக்கி, விரல்களின் அடியில் கை வைத்துத் தள்ளி, கோணமானியைப் பொருத்தினாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“பத்து! ஷூவைப் போட்டுக்க, கண்ணு.”

ஆஷ்லி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தைரியராஜ் நகரவில்லை.

“மேடம், திரும்ப அளங்க. முட்டிய மடக்கினா கெண்டைக்கால் தளர்ந்துடும், நீட்டி வைங்க.”

“ஏன் சார்? நீங்க என்ன படிச்சிருக்கீங்க?”

“ஒன்பதாவது. துவாக்குடி பக்கம் பட்டறையில ஃபிட்டர்.”

“அப்போ பட்டறையப் பாருங்க. வெளிய முப்பது பேர் நிக்கிறாங்க.”

“பட்டறையில ஜாப், அதான் அளக்குற இரும்புத் துண்டு, அடியில ஒட்டாம தூக்கிட்டு நின்னா அந்த அளவை எழுத மாட்டோம். நீங்க நுனியைத் தள்ளினீங்க, பாதம் நடுவுல வளைஞ்சுது. குதிகால் அசையவே இல்ல.”

“அண்ணே, வா போலாம்,” என்று ஆஷ்லி அவன் சட்டையை இழுத்தாள்.

அவன் செருப்பை எடுத்து மேஜைமேல் வைத்தான். சாயங்காலம் ஸ்பிளின்ட்டைக் கழற்றி ஒரு மணி நேரம் வீட்டுக்குள் நடக்கும்போது போடுவது. முன்பக்கம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. குதிகால் பக்கம் கம்பெனி எழுத்துகூட அழியவில்லை.

“மேஜையில செருப்பா? எடுங்க முதல்ல!”

அவன் எடுக்கவில்லை. நாற்பது பக்க நோட்டையும் விரித்தான். ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் வீட்டில் பட்டறைக் கோணமானியால் அவனே அளந்து எழுதியது: அதே பெஞ்சு, நீட்டிய முழங்கால், பிடித்த குதிகால். ஆபரேஷன் கட்டுப் பிரித்த வாரத்தில் எட்டு டிகிரி. பிறகு ஆறு, நாலு. போன ஞாயிறு ஒன்று.

“ஆபரேஷன் பண்ணினது திரும்ப இறுகுது மேடம். நீங்க பத்துன்னு எழுதினா நாளைக்கு மறுபடி கத்தி வைப்பீங்க.”

மகாலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலை நீட்டினாள். குதிகாலை இறுக்கிப் பிடித்துத் தள்ளினாள். கோணமானியை இரண்டு முறை மாற்றி வைத்தாள். பிறகு சீட்டில் எழுதியிருந்த பத்தை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினாள்.

“நோட்டை டாக்டர்ட்ட காட்டுங்க,” என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். புது ஸ்பிளின்ட், இன்னும் ஆறு மாதம், முன்போலப் பகலும் ராத்திரியும் போட வேண்டும் என்றார்.

வெளியே வந்ததும் ஆஷ்லி வெடித்தாள். “அந்தம்மாவே பத்துன்னாங்க! உனக்கு நான் என்ன, தகரமா?”

“தகரம் பொய் சொல்லாது.”

“பேசாத. செத்தாலும் உன்கூடப் பேச மாட்டேன்.”

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் அவள் முன்னால் போய்ப் பெண்கள் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். காவிரிப் பாலம் முழுக்க அவளுடைய பின்னந்தலையைத்தான் அவன் பார்த்துக்கொண்டு வந்தான். செய்தது சரிதான் என்பதில் அவனுக்கு இம்மியும் சந்தேகமில்லை.

நாலு நாள் அவள் பேசவே இல்லை. அவன் சோறு போட்டால் தட்டைத் தள்ளி, அம்மாவிடம் வாங்கிச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கோணமானியை எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். வர மாட்டாள் என்றுதான் நினைத்தான். ஆஷ்லி வந்தாள். ஸ்பிளின்ட்டைக் கழற்றித் தரையில் போட்டாள். முழங்காலைத் தானே நீட்டினாள்.

“பிடி. ஆனா முள்ளை நான்தான் பாப்பேன். உன்னை நம்ப மாட்டேன்.”

அவன் குதிகாலைப் பிடித்துத் தள்ளினான். அவள் குனிந்து பார்த்தாள்.

“ரெண்டு.”

“ஒன்றரை.”

“ரெண்டுடா!”

அவன் ஒன்றரை என்றே எழுதினான். அவள் பேனாவைப் பிடுங்கி, பக்கத்திலேயே அழுத்தி, காகிதம் கிழிய, இரண்டு என்று எழுதினாள்.