கழுகுக் கதையும் கொடிக்கம்பித் தேன்சிட்டும்

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போன பிறகு, முதல் மூன்று வாரத்தில் ஒன்பது பேர் வீட்டுக்கு வந்து கழுகுக் கதை சொன்னார்கள். நாற்பது வயதானதும் கழுகுக்கு அலகு வளைந்துபோகுமாம். மலையுச்சிக்குப் போய்ப் பாறையில் தட்டித் தட்டி அலகை உடைத்துப் போடுமாம். ஐந்து மாதம் பொறுத்திருந்தால் புது அலகு முளைத்து, இன்னும் முப்பது வருஷம் வாழுமாம். விசுவாசிகளுக்கும் அந்தப் பொறுமை வேண்டுமாம்.

முப்பத்து நான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கும் அறிவியலும் நடத்தியவன் நான். எட்டுப் பேர் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். ஒன்பதாவதாக வந்தவர் எங்கள் சபையில் பெண்கள் சங்கத்தை நடத்துகிற அம்மா. செட்டியார்பட்டியிலிருந்து பஸ் பிடித்து, ஆறு ஆரஞ்சுப் பழத்தோடு வந்திருந்தார்.

"ஏம்மா, அலகு இல்லாம அஞ்சு மாசம் அது என்னத்தத் தின்னும்?" என்றேன்.

"கர்த்தர் போஷிப்பாருல்ல சார்?"

"எப்படி? ஸ்ட்ரா போட்டா?"

அந்த அம்மா எழுந்தார். என் மனைவியின் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டுப் போனவர் பல வாரம் திரும்பி வரவில்லை. அவரோடு வருகிறவர்களும் வரவில்லை. என் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். நான்கு நாள் பந்தைத் தொடவில்லை.

பந்துதான் அப்போது எங்களுக்கு எல்லாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிசியோதெரபி பார்க்கிற பெண் அதைக் கொடுத்திருந்தாள். "தாத்தா, காலைல அம்பது, சாயந்தரம் அம்பது இத அமுக்கணும். அமுக்கும்போது ஆச்சி ஒண்ணு, ரெண்டுன்னு வாய்விட்டு எண்ணணும். பேச்சு அதுலதான் வரும். இந்த மூணு மாசத்துல விட்டா பொறவு கஷ்டம்" என்றாள். வாரத்துக்கு இரண்டு முறை ராஜபாளையத்திலிருந்து அங்கே ஆட்டோவில் போனோம். வழியில் பதினேழு வேகத்தடை. ஒவ்வொன்றிலும் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். ஆட்டோக்காரர் ஒன்றில்கூட மெதுவாகப் போனதில்லை.

அவள் எண்ணவில்லை. நான்தான் எண்ணினேன். எட்டில் நிறுத்துவாள், பதினொன்றில் நிறுத்துவாள். "இன்னும் முப்பத்தொம்பது இருக்கு" என்பேன். பந்தைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிடுவாள். குனிந்து எடுக்க எனக்கு முழங்கால் ஒத்துழைக்காது. ஜெபத்தில்கூட நாள்கணக்குச் சொல்லித்தான் கேட்டேன்: ஆண்டவரே, இன்றோடு முப்பத்தொரு நாள் ஆகிறது, ஒரு வார்த்தையும் வரவில்லை.

இந்த நிலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் எறும்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். எறும்பு எடுத்த காரியத்திலிருந்து பின்வாங்கவே வாங்காது என்றார். வீட்டுக்கு வந்து காம்பவுண்டுச் சுவர் ஓரமாக நாற்காலி போட்டுப் பார்த்தேன். இரை சுமந்து போன நூறு எறும்பில் இருபத்து மூன்று பாதியில் திரும்பின. அடுத்த வாரம் கோயில் வாசலில் அவரிடம் சொன்னேன்.

"மிச்சம் எழுபத்தேழு போச்சுல்ல சார்?" என்று சிரித்தார். அவருக்கு என் மகன் வயது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பிய இருபத்து மூன்றை ஏன் ஒருவரும் சொல்லுவதில்லை என்பதுதான் என் எரிச்சல்.

அந்த நாட்களில்தான் பின்கட்டில் துணி காயப்போடும் கம்பியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டத் தொடங்கியது. கட்டியது பெண் குருவி. ஆண் குருவி முருங்கை மரத்தில் உட்கார்ந்து கத்துவதோடு சரி. என் மனைவியின் நாற்காலியைப் பின்வாசலுக்கு நகர்த்தியிருந்தேன், வெளிச்சம் படட்டும் என்று. அவள் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கோ கம்பியில் பாதி இடம் போய்விட்ட கவலை. மூன்றாம் நாள், மழை வரும்போல இருந்த அவசரத்தில், ஈர வேட்டியை ஒரு இழு இழுத்தேன். பாதி கட்டிய கூடு வேட்டியோடு வந்து தரையில் விழுந்தது.

என் மனைவி தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போட்டாள். வார்த்தை இல்லை. ஆனால் திட்டு என்பது எனக்குப் புரிந்தது. நாற்பத்தாறு வருஷப் பழக்கம்.

அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. நான் துணியையெல்லாம் மாடிக்கு மாற்றினேன். பதினெட்டுப் படி. கம்பியில் பழைய துணிநாடா ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் கட்டும் என்று பார்த்தேன். குருவி அதைச் சட்டை செய்யவில்லை. இரண்டு நாள் ஆளையே காணோம். மூன்றாம் நாள் காலையில் அதே கம்பியில், அதே இடத்தில், சிலந்திவலை நூலைச் சுற்ற ஆரம்பித்தது.

அரைமணி நேரம் எண்ணினேன். நாற்பத்தொரு முறை வந்தது. ஒன்பது முறை கொண்டுவந்ததைக் கீழே தவறவிட்டது. புல், மரப்பட்டைச் செதில், எந்த மில்லிலிருந்தோ பறந்து வந்த கழிவுப் பஞ்சு. தவறியதைக் குனிந்துகூடப் பார்க்காமல் வேறொன்று கொண்டுவரப் போனது. அலகை உடைத்துப் புதிதாக முளைக்கவைக்கிற கழுகு என் மனைவிக்கு எதற்கு? அவள் கையிலிருந்து டம்ளர் நழுவுகிறது, ஸ்பூன் நழுவுகிறது. நாற்பத்தொன்றில் ஒன்பதைத் தவறவிடுகிற குருவியை அல்லவா அவளுக்குக் காட்ட வேண்டும்? ஆண்டவர் அதைத்தான் எங்கள் கம்பியிலேயே வைத்திருந்தார். நான் வேட்டி காயப்போட இடமில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

நான் காட்ட வேண்டியிருக்கவில்லை. மறுநாள் கவனித்தேன்: குருவி வரும்போதெல்லாம் அவள் மடியிலிருந்த பந்தை ஒரு அமுக்கு அமுக்கினாள். குருவி போனால் விரல் தளரும். வந்தால் அமுக்கு. நான் மூச்சுக் காட்டாமல் குருவியை எண்ணினேன். இருபதைத் தாண்டியதும் என்னையறியாமல் குரல் வெளியே வந்துவிட்டது. "இருபத்தாறு... இருபத்தேழு..." நடுவில் காஸ் சிலிண்டர்க்காரர் வாசலில் மணியடித்தார். "செத்த நேரம் இருப்பா!" என்று கத்திவிட்டுத் திரும்பினேன். குருவி வந்தது. "இருபத்தெட்டு" என்றேன்.

"விட்... டிய" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

"ஒண்ணு... விட்டுட்டிய."

முப்பத்தெட்டாம் நாள். முதல் வார்த்தை, என் கணக்கில் தப்பு. சிலிண்டர்க்காரர் இன்னும் நான்கு முறை மணியடித்தார்.

ஒரு மாதம் கழித்துப் போதகர் கேள்விப்பட்டு வந்தார். நடந்ததை எண்ணிக்கையோடு அவரிடம் சொன்னேன். கூட்டில் இரண்டு முட்டை இருந்ததையும், ஒன்று பொரிக்காமல் போனதையும் சேர்த்துச் சொன்னேன். செட்டியார்பட்டி அம்மாவும் கூட வந்திருந்தார். அவருக்கு நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். கழுகைப் பற்றி இருவரும் பேசவில்லை.

மூன்றாம் மாத முடிவில் அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். போதகர் பிரசங்கத்தில் ஒரு தேன்சிட்டு வந்தது. பெரும்புயல் அதன் கூட்டை ஏழு முறை அடித்துத் தள்ளியதாம். ஏழு முறையும் அது திரும்பக் கட்டியதாம்.

ஒரு முறை. புயலும் இல்லை, என் வேட்டி. ஒத்துக்கொள்ள வேண்டியவன் நானே இருக்கும்போது புயலை எதற்கு இழுக்க வேண்டும்? நான் எழுந்தேன். பாதி எழுந்திருப்பேன், மணிக்கட்டில் ஒரு பிடி விழுந்தது.

"சும்மா... இரிங்க" என்றாள்.

கையை விடுவித்துக்கொள்ள முடியவில்லை. அவள் என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். என் இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தது அவளுடைய வலது கை. உட்கார்ந்துவிட்டேன். பிரசங்கம் இன்னும் இருபத்திரண்டு நிமிஷம் நடந்தது. அவள் பிடியைத் தளர்த்தவில்லை.