தெற்கிலிருந்து வந்தவர்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை ஒரு போன். புது நம்பர். எடுத்தவுடன் ஒரு பெண் குரல். வணக்கமெல்லாம் இல்லை.

"பேப்பர்ல எழுதறது நீதானாமா? நான் பழவேற்காட்டுலேர்ந்து கன்னியம்மா பேசறேன். ஆபீஸ்ல கேட்டு நம்பர் வாங்கினேன். எங்கள இன்னான்னு எழுதிக்கிற நீ?"

மூன்று வாரத்துக்கு முந்தைய பத்தியைத் தேடி எடுத்தேன். உங்களில் பலர் ரசித்து மெயில் அனுப்பிய பத்தி அது... நானும் வெட்கமில்லாமல் பூரித்துப் போயிருந்தேன்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்த்துவிட்டு வந்து எழுதியது. அந்தக் காலத்தில் கிழக்காசியாவில் ஐரோப்பியர்களுக்கு வைத்த பெயர்களைச் சொல்லிச் சிரித்திருந்தேன். ஜப்பானுக்குப் போன டச்சுக்காரர்களுக்குச் 'செம்முடியர்' என்று பெயர். அவர்களுக்கு முன்னால் போன போர்ச்சுகீசியர்களுக்கு? 'தெற்கத்திக் காட்டுமிராண்டிகள்'. ஐரோப்பா எங்கே, தெற்கு எங்கே? கப்பல் தெற்கிலிருந்து வந்ததாம், அவ்வளவுதான். சீனர்கள் 'மேற்குக் கடல்' என்று முதலில் சொன்னது நம் பக்கத்துக் கரைகளையும் சேர்த்துத்தான். பிற்பாடு அதே பெயர் ஐரோப்பாவுக்குப் போய்விட்டது. 'வந்து இறங்கிய திசையைப் பார்த்தா ஊரை முடிவு செய்வது?' என்று எனக்கு நக்கல் வேறு.

அதே பத்தியின் கடைசியில் ஒரு பாரா. ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில், ஓலைக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்கள். 'தெற்கிலிருந்து வந்து இந்த ஏரியில் பிழைப்பவர்கள்' என்று எழுதியிருந்தேன்.

யாரைக் கேட்டு எழுதினேன்? யாரையும் கேட்கவில்லை. அன்று காலை அவர்கள் தெற்கே மீஞ்சூர் பக்கமிருந்து வந்த ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அதைப் பார்த்தேன். எனக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

மறுநாளே கிளம்பிப் போனேன். கன்னியம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"எம் பொண்ண மீஞ்சூர்ல பிரசவத்துக்குச் சேத்திருந்தோம். பாத்துட்டு வந்தோம். அதுக்குள்ள நாங்க வெளியூரா? எங்க நைனா பொறந்தது, நான் பொறந்தது எல்லாம் இந்தக் கரைதான்மா."

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கரையோரம் ஆழமில்லாத இடத்தில் யார் பிடிப்பது என்று படகுக்காரர்களுக்கும் இவர்களுக்கும் ரொம்ப நாளாக இழுபறி. ஊர்க் கூட்டத்தில் ஒருவர் என் பத்தியை வெட்டி எடுத்துவந்து சத்தமாகப் படித்திருக்கிறார். பேப்பரிலேயே போட்டிருக்கிறது, இவர்கள் வெளியூர் என்று. பேசி முடிவாகும்வரை தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இறால் நன்றாகக் கிடைக்கிற மாசம் இது.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஊர்த் தலைவரிடம் போய், "நான் எழுதினது தப்புங்க. அவங்க இந்த ஊர்தான்" என்றேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"சரி மேடம். ஆனா எல்லாரும் இருக்க சொல்ல படிச்சாங்கோ. இப்ப நீங்க வந்து என் காதுல சொன்னா ஆச்சா? பேப்பர்லயே போடுங்க. கூட்டத்துல படிக்கிறோம்."

திரும்பி வந்து கன்னியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்ப வச்சிக்கினு நான் இன்னா பண்றது? ரெண்டு வாரமா கூடை காஞ்சிக்கினு கீது. மொதல்ல எழுது. எம் பேரப் போட்டு எழுது."

எழுதுகிறேன். கூட்டத்தில் இதைப் படிக்கப் போகிறவர் இந்த இடத்தைச் சத்தமாகப் படிக்கவும். கன்னியம்மாவும் அவரோடு இறால் பிடிக்கும் பெண்களும் வெளியூர்க்காரர்கள் அல்ல. அந்தக் கரையில் பிறந்து, அங்கேயே வளர்ந்தவர்கள். நான் எழுதியது பொய். ஒரு வார்த்தை விசாரிக்கக்கூடச் சோம்பல்பட்டு எழுதிய பொய். நினைத்தால் கூசுகிறது.

தெற்கிலிருந்து வந்து, அந்த ஏரியை வைத்துப் பிழைத்துவிட்டுப் போனவள் ஒருத்தி இருக்கத்தான் செய்கிறாள். மீஞ்சூரில் ரயிலை விட்டு இறங்கி, அதே ஷேர் ஆட்டோவில் வந்தவள் — நான்தான்.