ஸல்ஹாவின் பெருவிரல் நகம்

குலசிங்கத்தின் கடையில் புடிங் பெட்டியைக் கையிலெடுத்தால் ஸல்ஹா முதலில் அதைக் குப்புறத் திருப்புவாள். இறக்குமதிக்காரர் ஒட்டிய வெள்ளை ஸ்டிக்கரின் ஓரத்தில் வலது பெருவிரல் நகத்தைக் கொடுத்து, மீன் செதில் கழற்றுவதுபோல மெல்ல நெம்புவாள். மற்ற ஒன்பது விரல்களிலும் நகத்தை ஒட்ட வெட்டியிருப்பாள். இந்த ஒன்றை மட்டும் இதற்கென்றே வளர்க்கிறாள்.

“தங்கச்சி, ஸ்டிக்கரை உரிச்சுப்போட்டா நான் இதை ஆருக்கு விக்கிறது?” என்பார் குலசிங்கம்.

“கோவிக்காதீங்கண்ணே. இவனுகள் ஒட்டுறதே சரியா அந்த எழுத்துக்கு மேலதான்.”

சேர்மானங்களைச் சொல்லும் அந்த எழுத்தில்தான் அவள் உயிர் இருக்கிறது. மகள் ஜெஸ்மினுக்கு ஒன்பது வயது. கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் பிள்ளையின் குடலுக்கு ஆகாது. சிறிதளவு போனாலும் குடல் புண்ணாகும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஸல்ஹா எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆஸ்பத்திரி வாட்டில் இருந்த தாதி ஒருத்தி, விலக்க வேண்டியவற்றின் பெயர்களை ஆங்கிலத்தில் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தாள். அந்த அட்டையைப் பெட்டியோடு சேர்த்துப் பிடித்து, எழுத்தெழுத்தாக ஒப்பிடுவாள். மேலுதடு வியர்க்கும். முடிந்ததும் முதலிலிருந்து இன்னொரு தரம். இருபது தரம் வாங்கிய பெட்டியானாலும் இப்படித்தான்.

“போன மாசம் நல்லா இருந்தது இந்த மாசமும் நல்லா இருக்குமெண்டு ஆரு சொன்ன?” என்பாள்.

ஒருமுறை அப்படி நம்பினாள். அதே சொக்லேட் புடிங், அதே படம்; சேர்மானம் மட்டும் மாறியிருந்தது. ஜெஸ்மின் பதினொரு நாள் வயிற்றைப் பிடித்தபடி சுருண்டு கிடந்தாள். எழுந்தபோது பள்ளிக்கூடக் கவுனின் இடுப்பை இரண்டு விரற்கடை பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. இப்போதும் பிள்ளை குளியலறையில் சற்று நேரம் கூட இருந்துவிட்டால், ஸல்ஹா கதவுக்கு வெளியே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள்.

இந்தப் பெருநாளன்று மத்தியானம், ஓர்ஸ் ஹில்லில் உள்ள அவள் வீட்டுக்குக் கணவனின் தங்கை றிஷானா கிண்ணியாவிலிருந்து வந்தாள். கையில் கண்ணாடிக் கோப்பை நிறையக் கரமல் புடிங். பெருநாள் பண்டத்தைத் தொடாமல் விடுவது கொண்டுவந்தவளின் முகத்தில் அடிப்பதற்குச் சமம். ஜெஸ்மின் அதற்குள் கரண்டியோடு கதிரையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

“பெட்டி எங்க றிஷானா?”

“குப்பையிலதான் மச்சி. நீங்க வாங்குற அதே பச்சப் பெட்டி. மூணு கடை ஏறித் தேடி வாங்கினனான்.”

“அதப் பாக்காமக் குடுக்க ஏலாது.”

“அப்ப நான் புள்ளைக்கு நஞ்சா கொண்டு வந்திருக்கன்?”

றிஷானாவின் கண்கள் கலங்கின. ஸல்ஹா கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, அதன் வாயை உள்ளங்கையால் மூடினாள்.

றிஷானா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கிண்ணியா வீட்டிலிருந்த தன் கணவன் நஸ்ரிக்குப் போன் எடுத்தாள். பெருநாள் உடுப்போடு குப்பை வாளியைக் கிளறச் சொல்கிறார்களே என்று அவன் சலித்துக்கொண்டது ஸல்ஹாவுக்கும் கேட்டது. ஆனாலும் படம் அனுப்பினான். பெட்டியின் பின்பக்கம், தெளிவாகவே இருந்தது. ஸல்ஹா அட்டையை எடுத்துவந்து போனின் மேல் குனிந்தாள். முதல் வரியில் ஒன்றுமில்லை. இரண்டாம் வரியிலும் இல்லை. மூன்றாம் வரியின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

அதை உரித்துவிட்டு இன்னொரு படம் எடுக்கச் சொல்ல, றிஷானா மறுபடியும் போன் எடுத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. நஸ்ரி வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ புறப்பட்டிருக்க வேண்டும்.

ஜெஸ்மின் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சத்தம் வராமல் கரண்டியைக் கோப்பைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.

ஸல்ஹா அதைக் கவனிக்கவில்லை. போன் கண்ணாடியில் அந்த ஸ்டிக்கரின் ஓரத்தைப் பெருவிரல் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.