துரோகிச் சீட்டு

பெராரா நகரத்தில் வியோலாந்தே சீமாட்டியின் மாளிகையில் தத்தேயா பதினோரு வருஷம் துணி தைத்தாள். அந்த வீட்டுப் பேச்சு ஒன்றுகூட அவள் வாய் வழியாக வெளியே போனதில்லை. அவள் புருஷன் கலாஸ்ஸோ அங்கேயே கடிதம் எழுதுகிறவன். தன்னைக் கவி என்றும் சொல்லிக்கொள்வான். சொல்லிக்கொள்ள யார் உத்தரவு வேண்டும்?

ஈஸ்டர் நோன்புக்கு முந்தைய கொண்டாட்ட நாட்களில், சூரியன், நட்சத்திரம் என்று படம் போட்ட சீட்டுகளை மாளிகைப் பெண்களுக்குப் பங்கிட்டு, ஆளுக்கு இரண்டு வரி பாட்டுக் கட்டுவது அங்கே வழக்கம். அந்த வருஷம் கட்டியவன் கலாஸ்ஸோ. சூரியன் சீமாட்டிக்குப் போனது, நட்சத்திரம் அவள் மகளுக்கு. சாவுச் சீட்டைக்கூட ஒரு விதவை அத்தை சிரித்தபடி வாங்கிக்கொண்டாள். ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கும் துரோகியை மட்டும் ஒருத்தியும் தொடவில்லை. நிஜத் துரோகிகளையும் ஊர்ச் சுவரில் அப்படித்தானே வரைகிறார்கள்! கலாஸ்ஸோ சுற்றுமுற்றும் பார்த்தான். மூலையில் பாவாடை விளிம்பு தைத்துக்கொண்டிருந்த பெண்டாட்டி கண்ணில் பட்டாள். சீட்டை அவளிடம் நீட்டிப் பாடினான்:

"ஊசி நுழையும் இடமெல்லாம் காதும் நுழையும்;
நூல் முடியும் இடத்திலே நாக்குத் தொடங்கும்."

கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. தத்தேயாவும் சிரித்து வைத்தாள். சிரிக்காவிட்டால் இன்னும் சிரிப்பார்கள்.

பாட்டு சந்தைக்குப் போய்விட்டது. "வாடி துரோகி, விலாங்கு வேணுமா?" என்றாள் மீன்காரி. மாளிகையில் அவள் தலை தெரிந்தாலே பேச்சு நின்றது. நோன்புக் காலத்தின் நடுவில் சீமாட்டி மகளின் கல்யாணப் பேச்சு எப்படியோ வெளியே கசிந்து, சம்பந்தம் முறிந்தது. யார் சொன்னது? எல்லோர் வாயிலும் பாட்டுத் தயாராக இருந்தது.

அன்று ராத்திரி தத்தேயா புருஷனிடம் சொன்னாள்: "ஏங்க, நாளைக்குச் சீமாட்டியம்மா நம்மளக் கூப்பிட்டுக் கேப்பாங்க. சீட்டு மிஞ்சிப்போச்சு, விளையாட்டுக்குக் கட்டினேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. என் பொழப்பே அதுலதான் இருக்கு."

"சொல்றேன்டி. இதுக்குப் போய் அழுவியா?"

மறுநாள் சீமாட்டி அவனிடமே கேட்டாள்: "கலாஸ்ஸோ, உன் பெண்டாட்டி மேல கட்டினது நிஜமா, இல்ல எதுகைக்காகச் சொன்னதா?"

"அது... விளையாட்டுக்கு..."

"அப்போ என்னைச் சூரியன்னு பாடினதும் விளையாட்டுத்தானா?"

பாவி, தானே கட்டிய பாட்டில் தானே மாட்டிக்கொண்டான். தத்தேயா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் பாட்டுல ஒண்ணுகூடப் பொய்யில்லம்மா," என்றான்.

அன்றே அவளை அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்த வீடும் அவளை வாசலைத் தாண்ட விடவில்லை. தாய்வீடு கொள்ளைநோயில் எப்போதோ அழிந்துபோயிருந்தது. கலாஸ்ஸோவுக்கு மட்டும் மாளிகை வேலை நிலைத்தது.

ஈஸ்டர் அன்று அவள் ஆட்டுக்கறி பரிமாறியபோது அவன் கேட்டான்: "என்னை மன்னிச்சிட்டியாடி?"

"சாப்பிடுங்க," என்றாள் தத்தேயா. "போக ஒரு வீடு இருந்திருந்தா, இதை நீங்க கேக்கறப்போ நான் இங்க இருந்திருக்க மாட்டேன்."